மூடியைத் திறந்தால் ‘புஸ்’: ஸ்போர்ட்ஸ் கார் பெட்ரோல் டேங்கின் காற்றுவழிக் கோளாறு

கேள்வி: ஐயா, நான் வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். 2011ஆம் ஆண்டு தயாரான போர்ஷே பாக்ஸ்டர் கார் ஒன்றைப் பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓராண்டு ஆகிறது. பெரும்பாலும் ஷெட்டில்தான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்பாடி வரை போய்த் திரும்புவேன். சில மாதங்களாகப் பங்கில் பெட்ரோல் போடும்போது ஒரு லிட்டர் இறங்குவதற்குள் நாசில் ‘டக்’கென்று நின்றுவிடுகிறது. போட்டு முடித்த பிறகு ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கிறது. ஸ்டார்ட் ஆன பிறகும் இன்ஜின் சற்று நேரம் உதறுகிறது. மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று சத்தம் வருகிறது. வெயிலில் நிறுத்தினால் காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது. மே மாதம் ஏலகிரி ஏறியபோது அது தாங்க முடியாத அளவுக்குப் போனது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. சென்னையில் ஒரு பணிமனையில் கேனிஸ்டர் (பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டி), பர்ஜ் வால்வு (அந்த ஆவியை இன்ஜினுக்கு விடும் வால்வு), பெட்ரோல் பம்ப் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். உள்ளூர் மெக்கானிக் ஒருவர், மூடியில் சின்ன ஓட்டை போட்டால் போதும் என்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். இப்போதைக்கு இரண்டையுமே செய்ய வேண்டாம். பெட்ரோல் பம்பைப் பட்டியலிலிருந்து உடனே எடுத்துவிடலாம். பம்ப் பலவீனமானால் வேகமெடுக்கும்போதும் மேடு ஏறும்போதும் வண்டி இழுக்காமல் திணறும்; பங்கில் நாசில் நிற்பதற்கும் மூடியில் சத்தம் வருவதற்கும் அது காரணமாக முடியாது. மீதமுள்ள இரண்டில் எது பழுது, அல்லது இரண்டுமே நன்றாக இருந்து வேறெங்கோ அடைப்பு உள்ளதா என்பதை அறிய உங்கள் கடிதத்தில் ஒரு செய்தி இல்லை. மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று சத்தம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள்; காற்று வெளியே வருகிறதா, உள்ளே போகிறதா என்று எழுதவில்லை. சத்தம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் காரணம் நேர் எதிரானது.

டேங்க் இரண்டு வகையில் காற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓட ஓடப் பெட்ரோல் குறையும்போது அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். வெயிலில் நிற்கும்போது உள்ளே பெருகும் ஆவி வெளியேற வேண்டும். அந்த ஆவியை அப்படியே வெளியில் விடக் கூடாது என்பதற்காகத்தான் கரித்துகள் நிரப்பிய கேனிஸ்டரை வழியில் வைத்திருக்கிறார்கள். கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்று மட்டும் வெளியேறும். பிறகு இன்ஜின் சூடாகி ஒரே சீராக ஓடும் நேரம் பார்த்து, இன்ஜின் கணினி பர்ஜ் வால்வைத் திறக்கும். இன்ஜினுக்குள் காற்று போகும் வழியான இன்டேக்கின் உறிஞ்சல் வெளிக்காற்றைக் கேனிஸ்டர் வழியாக இழுத்து, கரியில் தங்கிய ஆவியையும் சேர்த்துக் கொண்டுபோய் எரித்துவிடும். ஆக, வழியில் கோளாறு வரக்கூடிய இடங்கள் நான்கு: டேங்கிலிருந்து கேனிஸ்டருக்குப் போகும் குழாய், கேனிஸ்டர், அதன் வெளிக்காற்றுத் துவாரம், பர்ஜ் வால்வு. உங்கள் காரில் டேங்க் முன்பக்கம், இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால். எனவே கேனிஸ்டர் வலது முன் சக்கரத்தின் மட்கார்டு உறைக்குள்ளும் பர்ஜ் வால்வு பின்பக்க இன்ஜின் அறையிலும் இருக்கின்றன. இடையில் நீண்ட குழாய் இருப்பதால் ஒரு முனையில் உள்ள கோளாறு மறுமுனையில் வாடையாகத் தெரிவது வழக்கம்தான்.

காற்றின் திசையை அறிய ஸ்கேனர் தேவையில்லை. மெல்லிய டிஷ்யூ தாளில் கிழித்த ஒரு நீளத் துண்டு போதும். இன்ஜினை நிறுத்தி, காரைத் திறந்த வெளியில் வைத்து, மூடியை மெதுவாகத் தளர்த்தும்போது அந்தத் துண்டை மூடியின் விளிம்பருகே பிடியுங்கள். அது வெளியே பறக்கிறதா, விளிம்பில் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சில பணிமனைகளில் காற்றோட்டம் பார்க்க ஊதுபத்திப் புகையைக் காட்டும் பழக்கம் இருக்கிறது. பெட்ரோல் டேங்க் அருகில் அந்த வேலையை யாரையும் செய்ய விடாதீர்கள்; பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

இந்தச் சோதனையை விடியற்காலையில் ஒருமுறை, மதியம் வெயிலில் நின்ற பிறகு ஒருமுறை, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தியவுடன் ஒருமுறை என்று மூன்று வேளையில் செய்ய வேண்டும். வேலூர் வெயிலில் மதியம் மூடியைத் திறந்தால் ஒரு நொடி ஆவி வெளியே வருவது இயல்பு. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பல நொடிகள் தொடர்ந்து வந்தால் கேனிஸ்டர் பக்கம் போகும் வழி அடைந்திருக்கிறது, அல்லது கரி பெட்ரோலில் ஊறிப்போயிருக்கிறது. மாறாக, ஓட்டி வந்து நிறுத்தியவுடன் தாள் உள்ளே இழுக்கப்பட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகியிருக்கிறது என்று பொருள். வெளிக்காற்று வரும் துவாரம் அடைந்திருந்தால் அப்படி ஆகும்; அதோடு பர்ஜ் வால்வும் மூடாமல் திறந்தே நின்றால் இழுப்பு மிகக் கடுமையாக இருக்கும். இந்த இரண்டாவது நிலையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் இன்ஜின் தொடர்ந்து உறிஞ்சினால் டேங்கே உருக்குலைந்து விரிசல் விடக்கூடும்.

வெளிக்காற்றுத் துவாரம் அடைபடுவதற்கு நம் ஊரில் பெரிய காரணம் தேவையில்லை. ஷெட்டில் உறை போட்டு வாரக்கணக்கில் நிற்கும் கார்களில் குளவி மண்கூடு கட்டிவிடுகிறது. கேனிஸ்டரிலிருந்து தரையை நோக்கி இறங்கும் குழாயின் வாய் ஒரு விரல் நுழையும் அகலம். குளவிக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற இடம் அது. நான் கழற்றிப் பார்த்த குழாய்களில் மண் வெளிவாயில் தெரிவதில்லை. உள்ளே ஓரிரு அங்குலம் தள்ளி, சாம்பல் நிறத்தில், குழாயின் உட்சுவரோடு வழவழப்பாக ஒட்டியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் குழாய் அங்கே வளைகிறது என்றுதான் தோன்றும். மெல்லிய ஒயரைச் செலுத்தினால் பொடிப்பொடியாக உதிரும். இது கிராமத்து ஷெட்டுகளில் மட்டும் நடக்கிற சங்கதி அல்ல. 2011இல் மஸ்தா நிறுவனம் அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மஸ்தா 6 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், ஒரு வகை மஞ்சள் சிலந்தி கேனிஸ்டரின் காற்றுக்குழாயில் வலை பின்னி அடைத்ததும், அதனால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி விரிசல் விடும் அபாயம் இருந்ததும்தான். 2014இல் மீண்டும் அதே சிலந்திக்காக 42,000 கார்களை அழைத்தார்கள். ஆகவே, எந்தப் பாகத்தையும் விலைக்கு வாங்கும் முன் வலது முன் சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டு உறையை எடுத்து, அந்தக் குழாயை முழுவதும் பார்த்துவிடுங்கள். அங்கேயே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: முந்தைய உரிமையாளர் காலத்தில் வலது முன்பக்கம் அடிபட்டு டிங்கரிங் வேலை நடந்திருந்தால், திரும்பப் பொருத்தும்போது ஆவிக்குழாய் மடங்கியோ நசுங்கியோ இருக்கலாம். செகண்ட் ஹேண்ட் காரில் இதை நான் முதலிலேயே சந்தேகிப்பேன்.

இனி, நாசில் நிற்கும் விஷயம். பங்க் நாசிலின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் எழும்பி அந்தத் துளையை மூடினால் உள்ளிருக்கும் அமைப்பு தானாக விசையை விடுவித்துவிடும். டேங்க் நிரம்பும்போது மட்டும்தான் இப்படி ஆக வேண்டும் என்பதில்லை. குறுகிய வாயுள்ள பாட்டிலில் புனலை அழுத்தி வைத்து எண்ணெய் ஊற்றினால் உள்ளே இடமிருந்தும் புனலில் எண்ணெய் தேங்கி நிற்குமே, அதேபோல் டேங்கின் உள்காற்று வெளியேற வழியில்லாதபோது பெட்ரோல், மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் கழுத்துக் குழாயிலேயே தேங்கி நாசிலை நிறுத்துகிறது. அந்தக் காற்று எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பது காரைப் பொறுத்தது. அமெரிக்காவுக்கென்று 1998 மாடல் முதல் தயாரான கார்களில் பெட்ரோல் போடும்போது எழும் ஆவியும் கேனிஸ்டருக்கே போயாக வேண்டும் என்பது படிப்படியாகச் சட்டமாயிற்று. அவற்றில் கேனிஸ்டருக்குப் போகும் குழாய் தடிமனாக இருக்கும். மற்ற சந்தைகளுக்கான பல கார்களில் அந்தக் காற்று டேங்கின் மேலிருந்து தனிக்குழாய் வழியாகக் கழுத்தின் வாய்க்கே திரும்பி வந்து வெளியேறும். உங்களுடையது எந்த வகை என்பதை மட்கார்டு உறையைக் கழற்றும்போது கண்ணாலேயே பார்த்துவிடலாம். கழுத்துக்குத் திரும்பும் வகையாக இருந்தால், நாசில் நிற்பதற்குக் கேனிஸ்டரைக் குற்றம் சொல்வது பொருந்தாது. அந்தத் தனிக்குழாயும் அதன் முனையில் உள்ள வால்வும்தான் முதல் சந்தேகத்துக்குரியவை. கேனிஸ்டருக்குப் போகும் வகையாக இருந்தால், வெளிக்காற்றுக் குழாயைக் கேனிஸ்டரிலிருந்து பிரித்து வைத்து ஒருமுறை பெட்ரோல் போட்டுப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் அடைப்பு அந்தக் குழாயில் இருக்கிறது. அப்போதும் நின்றால் கேனிஸ்டரிலோ, டேங்கின் மேலுள்ள வால்விலோ இருக்கிறது.

கேனிஸ்டர் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். நாசில் முதல் தடவை நின்றதும் விட்டுவிடாமல், கணக்கை நூறுகளில் முடிக்க வேண்டும் என்று பங்க் ஊழியர் இன்னும் இரண்டு மூன்று தடவை அழுத்துவார். நாமும் சரி என்போம். டேங்கின் மேல்பகுதியில் விட்டிருக்கும் காலியிடம் வீணாக விட்ட இடமல்ல. பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது. நிலத்தடித் தொட்டியிலிருந்து 25 டிகிரியில் வந்த 60 லிட்டர் பெட்ரோல் வேலூர் வெயிலில் 45 டிகிரிக்குப் போனால் ஒரு லிட்டருக்கு மேல் கூடிவிடும். விளிம்புவரை நிரப்பிய டேங்கில் அந்த ஒரு லிட்டருக்குப் போக்கிடம் ஆவிக்குழாய்தான். திரவமாகவே போய்க் கரியை நனைக்கும்; நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது, காற்றையும் எளிதில் விடாது. கேனிஸ்டரைக் கழற்றிச் சாய்த்தால் பெட்ரோல் சொட்டுமானால், அல்லது குலுக்கும்போது கரி சலசலவென்று உருளுமானால், அதை மாற்றத்தான் வேண்டும். வெயிலில் காய வைத்தும் கம்ப்ரசர் காற்று அடித்தும் பிழைக்க வைப்பதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். காற்று அடித்தால் உள்ளிருக்கும் சல்லடை கிழிந்து, கரித்துகள் குழாய் வழியாகப் போய் பர்ஜ் வால்வையும் கெடுத்துவிடும்.

சொட்டவும் இல்லை, சலசலக்கவும் இல்லை, ஆனால் வாடை மட்டும் கடுமையாக இருக்கிறது என்றால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். நீங்கள் ஓட்டும் முறையே காரணமாக இருக்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் பர்ஜ் வால்வு திறந்து கரியைச் சுத்தம் செய்யும் என்று மேலே சொன்னேன். சத்துவாச்சாரியிலிருந்து கிரீன் சர்க்கிள் நெரிசலைக் கடந்து காட்பாடி போய்த் திரும்புவதில் அதற்குச் சரியான வாய்ப்பே கிடைப்பதில்லை. வாரம் முழுவதும் சேரும் ஆவி கரியிலேயே தங்குகிறது. டேங்க் பாதியாக இருக்கும்போது, தேசிய நெடுஞ்சாலை 48இல் ஆம்பூர் வரை சீரான வேகத்தில் போய்த் திரும்புங்கள். இதை இரண்டு மூன்று வாரம் செய்து வாடை தணிந்தால் கேனிஸ்டர் நன்றாகவே இருக்கிறது.

பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆகத் தாமதமாவதும், பிறகு இன்ஜின் உதறுவதும் பர்ஜ் வால்வை நோக்கியே கைகாட்டுகின்றன. மின்சாரம் இல்லாதபோது அந்த வால்வு மூடியே இருக்க வேண்டும். அது கசிந்தால், பெட்ரோல் போடும்போது கிளம்பிய அடர்த்தியான ஆவி நேராக இன்டேக்கில் புகுந்து, ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் கலவையைக் கெடுத்துவிடும். சோதிப்பது எளிது, எட்டுவதுதான் கடினம். உங்கள் காரில் மேற்கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, பின்பக்கத் தரைவிரிப்பையும் அதன் கீழுள்ள இன்ஜின் மூடியையும் கழற்ற வேண்டியிருக்கும். குளிர்ந்த இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, வால்வின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேனிஸ்டர் பக்கத்திலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, வால்வின் அந்த முனையில் விரலை வைத்துப் பாருங்கள். உறிஞ்சல் தெரிந்தால் வால்வு மூடவில்லை, மாற்ற வேண்டியதுதான். தெரியாவிட்டால் கழற்றி 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள்: ‘டிக்’கென்று திறந்து, வாயால் ஊதினால் காற்று போக வேண்டும். வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருளான சோலனாய்டின் மின்தடை இவ்வகை வால்வுகளில் பெரும்பாலும் 20 முதல் 30 ஓமுக்குள் இருக்கும். உங்கள் பட்டியலில் உள்ள மூன்று பாகங்களில் விலை குறைந்ததும் இதுதான், குற்றவாளியாக இருக்கும் வாய்ப்பு அதிகமுள்ளதும் இதுதான்.

செக் இன்ஜின் விளக்கு எரியாததை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டையளவு ஆவிக் கசிவைக்கூட கணினி கண்டுபிடித்து, பழுதுக் குறியீடாக பி0442 என்றோ, பெரிய கசிவானால் பி0455 என்றோ பதிவு செய்யும். ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றிய கார்களில் பர்ஜ் வால்வின் மின்சுற்று சரியாக இருக்கிறதா என்பதைக் கண்காணித்தாலே விதிப்படி போதும். குழாய் கழன்று தொங்கினாலும் விளக்கு எரியாமல் இருக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று வாங்கியிருப்பதாலும் பயனில்லை, அந்தச் சோதனை சைலன்சர் புகையை மட்டுமே அளக்கிறது.

ஏலகிரி அனுபவத்துக்கு வருகிறேன். மே மாத வெயிலில் சாலையின் சூட்டை வாங்கிக்கொண்டே மலையடிவாரம் வரை வந்த கார் அது. அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்துக்கு ஏறும்போது வெளியே காற்றழுத்தம் வேலூரில் இருப்பதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. சூடான பெட்ரோலிலிருந்து ஆவி கூடுதலாகக் கிளம்புகிறது. அதே நேரத்தில், ஆக்சிலரேட்டரை அழுத்தி மேடு ஏறும்போது இன்டேக்கில் உறிஞ்சல் குறைந்துவிடுவதால் பர்ஜ் வால்வு திறந்தாலும் ஆவியை இழுக்க வலுவில்லை. எனவே நல்ல நிலையிலுள்ள காரிலும் கேனிஸ்டருக்கு அது கடினமான பாதைதான். ஆனால் வாடை உள்ளே வந்தது என்கிறீர்களே, அதை மட்டும் இயல்பு என்று விட முடியாது. ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்து ஒருமுறையும் வெளிக்காற்றில் வைத்து ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள். வெளிக்காற்றில் மட்டும் வாடை வந்தால், முன்பக்கம் கசியும் ஆவியைக் கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுவழி இழுத்து வருகிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் வாடை அடித்து, பாதிக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டால், டேங்கின் மேலுள்ள பம்ப் மூடியின் ரப்பர் வளையத்தையும் கழுத்துக் குழாயின் மேற்பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் பங்குகளில் 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, இப்போது பெரும்பாலும் அதுவே கிடைக்கிறது. உங்கள் காரின் வயதுடைய கார்களின் ரப்பர் பாகங்கள் அத்தனை எத்தனாலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. கையால் அழுத்தினால் ஒட்டும், அல்லது மடக்கினால் வெடிப்பு தெரியும் ஹோஸ் எதுவானாலும் தயங்காமல் மாற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் கசிவு பிடிபடவில்லையென்றால் சென்னைப் பணிமனையில் ஸ்மோக் டெஸ்ட், அதாவது புகையைக் குழாய்களுக்குள் செலுத்திக் கசிவைக் காணும் சோதனை, செய்யச் சொல்லலாம். ஆவி அமைப்புக்கென்றே உள்ள கருவியால், ஒரு பிஎஸ்ஐக்கும் குறைந்த அழுத்தத்தில், முடிந்தால் நைட்ரஜன் கொண்டு செய்ய வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை மாட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மூன்று பாகங்களையும் மாற்றச் சொன்னவர்களிடம், எந்தச் சோதனையில் எந்தப் பாகம் தவறியது என்று எழுதித் தரக் கேட்பது உங்கள் உரிமை.

மூடியில் ஓட்டை போடும் யோசனை, மூடியிலேயே காற்றுத்துளை வைத்து வந்த பழைய வண்டிகளின் காலத்து வைத்தியம். ஓட்டை போட்டால் ‘புஸ்’ சத்தம் நிற்கும் என்பது உண்மை. ஆவி முழுவதும் கேனிஸ்டரைத் தொடாமல் முன் மட்கார்டு வழியாக வெளியேறும் என்பதும், கார் கவிழ்ந்தால் பெட்ரோல் அந்த வழியாகவே ஒழுகும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. அடைப்பும் அப்படியே இருக்கும், சென்னைக்குப் போகும்போது அதைக் கண்டுபிடிப்பது இன்னும் சிரமமாகும்.

சோதனைகள் முடியும்வரை டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நாசில் முதல் தடவை நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் ஷெட்டில் இன்வெர்ட்டர் பேட்டரியோ, தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டரோ இருந்தால் காரைத் தற்காலிகமாக வெளியே நிழலில் நிறுத்துங்கள். காரின் கீழ் ஈரம் தெரிந்தாலோ, சொட்டுச் சத்தம் கேட்டாலோ ஸ்டார்ட் செய்து நகர்த்த வேண்டாம். நியூட்ரலில் வைத்து வெளியே தள்ளி, பேட்டரி இணைப்பைக் காற்றோட்டமான இடத்துக்கு வந்த பிறகே கழற்றுங்கள். மூன்று வேளைச் சோதனையின் முடிவையும், கேனிஸ்டருக்குப் போகும் குழாயின் தடிமன் தெரியும்படி ஒரு படத்தையும் அனுப்பினால், பர்ஜ் வால்வு ஒன்று போதுமா என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.